மங்கினால் நல்லது

நரின் ஊரில் ஜனவரிக்கு இரக்கம் கிடையாது.
ஷைலோபெக் கதவைத் தோளால் தள்ளினான்.
பனியோடு ஓர் ஆம்ப்ளிஃபையரும் உள்ளே வந்தது:
சோவியத் பச்சை, பதினெட்டுக் கிலோ,
கலாச்சார மன்றத்தின் நிலவறையில்
முப்பத்தொரு வருஷம் படுத்துக் கிடந்தது.

"ராத்திரி தம்பிக்குக் கல்யாணம்.
சும்மா சொருகிப் பாரேன், புருல்கான்."

சும்மா சொருகினால்
சும்மா இருக்காது, வெடிக்கும்.

உள்ளே இரண்டு மின்தேக்கிகள்,
அலுமினியக் குப்பிகள்.
அவற்றின் தகட்டில் ஒரு தோல் உண்டு,
கண்ணால் பார்க்க முடியாத மெலிசு.
அந்தத் தோல்தான் இந்தப் பக்கத்து மின்னை
அந்தப் பக்கம் போகாமல் தடுத்து வைக்கும்.
வோல்ட்டே படாத வருஷங்களில் அது நைந்துவிடும்.
நைந்த தோலில் முந்நூறை ஒரேயடியாக ஊற்றலாமா?

வழியில் ஒரு விளக்கைக் கட்டினேன்,
பதினைந்து வாட், செத்த குளிர்பெட்டியில் கழற்றியது.
பெரிய வெள்ளத்துக்குச் சின்ன மதகு.
குமிழைத் திருகினேன். முப்பது. நின்றேன்.
அறுபது. நின்றேன்.
நூற்றிருபதில் இழை சிவந்தது,
சாணி அடுப்பின் கடைசிக் கங்கு மாதிரி.

"எரியுதே! வேலை செய்யுது!"

"எரிந்தால் கசிகிறது.
மங்கினால் நல்லது."

அவன் என்னைப் பார்த்த பார்வையில்
வேறு மெக்கானிக் யாரும் இருக்கிறார்களா
என்ற கேள்வி இருந்தது. இல்லை.
அடுத்தவர் நூற்றெண்பது கிலோமீட்டர்,
நடுவில் கணவாய் மூடியிருக்கிறது.

உட்கார்ந்தான். போனை என் சார்ஜரில் போட்டான்.
அதிலும் குறை: "எண்பது வரை ஓடியது,
அப்புறம் நொண்டுகிறது."
உன் அம்மா கிண்ணத்தில் குதிரைப்பால் ஊற்றுவதைப் பார்த்ததில்லையா?
முதலில் மடமடவென்று, ஒரே தாரையாக.
விளிம்பு நெருங்கியதும் கை தானே சாய்வைக் குறைக்கும்.
நாலு புள்ளி இரண்டு வோல்ட், அதுதான் விளிம்பு.
அதற்குமேல் அழுத்தத்தைக் கூட்டாமல்
பேட்டரி கேட்கிற அளவுக்கே சொட்டும்.
குடித்துவிட்டுப் பேசுகிறவன் இல்லை சார்ஜர்.

இரண்டு மணி நேரம்.
ஒவ்வொரு திருகலுக்கும் இழை சிவக்கும்,
தோல் வளர வளர மங்கும்,
கடைசியில் வெறும் கண்ணாடி.
இருநூற்று எண்பது வந்தபோது
நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அப்போது ஊரே அணைந்தது.

குளிர்கால வெட்டு. நேரம் சொல்லிவிட்டு வராது.
இருட்டில் ஷைலோபெக் எழுந்த சத்தம்,
"சூடாகிவிட்டதா பார்க்கிறேன்" என்ற சத்தம்.
குரல் வந்த திசையில்
திருப்புளிக் கட்டையால் ஓங்கி அடித்தேன்.
மணிக்கட்டில் பட்டது.

"அதான் கரண்ட் போச்சே!"
"ஊருக்குப் போச்சு.
இதற்குப் போகவில்லை."

அவன் எண்பது சதவீத வெளிச்சத்தைப் பிடிக்க
மின்தடையின் இரு கால்களையும் இடுக்கியால் பற்றி
முனைகளில் வைத்தேன்.
மீட்டருக்குச் சொந்த பேட்டரி, அது விழித்திருந்தது.
ஒரு மூச்சுக்கு நூற்று மூன்று.
இன்னொன்றுக்கு முப்பத்தெட்டு.
பதினான்கு. ஐந்து. இரண்டு.
இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு
ஒவ்வொரு தடவையும் போகும்,
எத்தனை தடவை போனாலும் ஒரு மிச்சம் இருக்கும்;
ஐந்து மூச்சுக்குப் பிறகு
நாங்கள்தான் அதைப் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்கிறோம்.
ஒரு கம்பியால் முனைகளைச் சேர்த்து
அந்த மிச்சத்தையும் தீர்த்தேன்.

அவன் பேசவில்லை.
மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு,
தம்பிக்குப் போன் போட்டான்:
"பாட்டு இல்லாமலே ஆரம்பியுங்கள். கோமுஸ் இருக்கும் இல்லையா?
யாராவது வாசிக்கட்டும்."

கம்பியை எடுத்தேன். தேநீர் ஊற்றினேன்.
மீட்டரை அணைக்கப் போனவள் நின்றேன்.
பூஜ்யம், பூஜ்யம் என்றிருந்த இடத்தில்
யாரும் ஊட்டாமல் இரண்டு வோல்ட்.
பிறகு நாலு.

"இது எங்கிருந்து வருது?"

"உள்ளே எங்கோ ஒட்டியிருந்தது," என்றேன்.
"தொடாதே."

ஒன்பதில் நின்றது.
வெளியே எந்த வீட்டிலும் இன்னும் விளக்கில்லை.